அறிந்த பின் வரும் துன்பம்: கர்ண மோட்சக் கூத்தில் நாயகனின் தன்னறிவு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே முந்திரிக் காடும் மானாவாரி நிலமும் தறிச் சத்தமும் கொண்டது ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் வட்டாரம். செஞ்சிப் பக்கம் ஆழ வேரூன்றிய திரௌபதி அம்மன் வழிபாடு தெற்கே பரவி வந்த வழியில் இந்த வட்டாரமும் இருக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும் என்பது அந்த வழிபாட்டுத் திருவிழாவின் பொதுவான நடைமுறை. திருவிழா முடிவை நெருங்கும்போது வரும் கூத்து கர்ண மோட்சம். பாரதப் போரின் 17ஆம் நாளில் கர்ணன் விழுவதுதான் அதன் கதை.

கூத்துப் பிரதி பெரிய எழுத்துப் புத்தகமாகப் புகழேந்திப் புலவர் பெயரில் அச்சாகி வழங்கிவருகிறது. அந்தப் புலவருக்கும் இந்தப் பிரதிக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்குரியது. ஆசிரியர் பற்றிய ஆராய்ச்சி இந்தக் கட்டுரையின் வேலை அன்று. பாட்டும் வசனமும் ஜமாவுக்கு ஜமா, அதாவது கூத்துக் குழுவுக்குக் குழு, மாறும். ஒரே வாத்தியார்கூட விடியல் நெருங்கும் வேகத்தைப் பார்த்துச் சிலதை நீட்டுவார், சிலதைச் சுருக்குவார். ஆகவே ஒரு பிரதியின் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதிடாமல், எல்லா ஆட்டத்துக்கும் அடிப்படையான கதைக் கட்டமைப்பையும் கூத்தின் அரங்க மரபையும் கொண்டு பேசுகிறேன். வியாச பாரதம், வில்லிபாரதம், சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் ‘கர்ணபாரம்’ ஆகியவை ஒப்பீட்டுக்காக வருகின்றன.

கேள்வி இதுதான்: அவல நாயகனுக்குத் துன்பம் தன்னறிவைத் தருகிறதா? உலக நாடக ஆராய்ச்சி பெரும்பாலும் ‘ஆம்’ என்கிறது. கர்ண மோட்சம் வேறு விடை சொல்கிறது என்பதும், அந்த விடை நாடகத் தத்துவத்துக்கே முக்கியமானது என்பதும் என் துணிபு.

2. முன்னது எது?

துன்பப்பட்டுத்தான் மனிதன் கற்கிறான் என்ற எண்ணத்தை கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் ‘அகமெம்னான்’ நாடகத்தின் கோரஸில் வைத்தார். அரிஸ்டாட்டில் தமது ‘கவிதையியல்’ நூலில் அதற்கு இலக்கண வடிவம் தந்தார். அறியாமையிலிருந்து அறிவுக்கு நகரும் கட்டம் ஒன்று உண்டு. அது நாயகனின் நிலை தலைகீழாகும் கட்டத்தோடு ஒன்றாக நிகழ்ந்தால் நாடகம் உச்சம் பெறும் என்றார். அவர் காட்டிய முதன்மைச் சான்று சோபாக்ளிஸின் ‘ஈடிபஸ்’. முன்னாள் அரசனைக் கொன்றவனைத் தேடிப் புறப்படும் ஈடிபஸ், தேடப்படுபவன் தானே என்று காண்கிறான். தாயும் மனைவியுமான யொகாஸ்டாவின் உடையில் இருந்த ஊசிகளால் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். தெரிந்துகொண்டதே அங்கே தண்டனை.

தமிழில் இதற்கு நெருக்கமானவன் சிலப்பதிகாரப் பாண்டியன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், கள்வன் யார் என்பது அவனுக்கு விளங்கிவிடுகிறது. விளங்கிய நொடியிலேயே அரியணையிலிருந்து விழுந்து இறக்கிறான். அறிவுக்கும் சாவுக்கும் இடையில் மூச்சுவிடும் இடம்கூட அவனுக்கு இல்லை.

கர்ணனுக்கு அந்த இடம் இருக்கிறது. அவனுடைய நாடகம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில், போர் தொடங்கும் முன்பே, தேரில் ஏற்றிச் சென்று கிருஷ்ணன் பிறப்பைச் சொல்லிவிடுகிறான். பிறகு குந்தி நேரில் வந்து சொல்கிறாள். இந்திரன் பிராமண வேடத்தில் கவச குண்டலம் கேட்க வருவான் என்பதைச் சூரியன் கனவில் வந்து முன்கூட்டியே எச்சரிக்கிறான். போரில் பாண்டவர்களே வெல்வார்கள் என்பதைத் தான் கண்ட கனவின் வழியாகக் கர்ணனே கிருஷ்ணனிடம் எடுத்துச் சொல்கிறான். இம்மூன்று இடங்களிலும் அறிவு முதலில் வருகிறது. இழப்பு பின்னால் வருகிறது. பாசனின் ஓரங்க நாடகத்திலும் இதே வரிசை. போர்க்களத்துக்குப் போகும் வழியிலேயே, தான் குந்தியின் மூத்த மகன் என்பதும் பாண்டவர்கள் தம்பிகள் என்பதும் அவன் நினைவில் இருக்கின்றன. இந்திரன் கவசத்தை வாங்கிக்கொண்டு போனபின் ‘ஏமாந்துவிட்டாயே’ என்று அவன் தேரோட்டி சல்லியன் வருந்த, ஏமாந்தவன் இந்திரன்தான் என்கிறான் கர்ணன்.

ஆக, துன்பத்தின் விளைவாகக் கர்ணன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவன் துன்பம். ஈடிபஸிடம் ‘நான் யார்?’ என்று கேட்கலாம். கதை விடை சொல்லிவிடும். கர்ணனிடம் அதே கேள்வியைக் கேட்டால் இரண்டு விடைகள் வரும், இரண்டும் உண்மை. சூரியனுக்கும் குந்திக்கும் பிறந்தவன் என்பது உண்மை. தேரோட்டி அதிரதனும் ராதையும் வளர்த்த பிள்ளை என்பதும் உண்மை. தன்னைக் கண்டதும் ராதைக்குப் பால் சுரந்ததை அவன் கிருஷ்ணனிடம் நினைவுகூர்கிறான். அந்தக் குலத்தில் பெண் எடுத்ததையும் பேரப்பிள்ளைகள் கண்டதையும் சொல்கிறான். மண்ணும் மகுடமும் கிடைத்தாலும் அந்த உறவை அறுக்க முடியாது என்கிறான். இரண்டு உண்மைகளில் ஒன்றைத் தேர்ந்து, அதன் விலையை முன்னமே எண்ணிப் பார்த்து, அதைக் கட்டச் சம்மதிப்பது: இதைத்தான் கர்ணனின் தன்னறிவு என்று நான் சொல்வேன்.

வில்லிபுத்தூரார் இதைத் தமிழ் மனத்துக்கேற்ப இன்னும் கூர்மையாக்கினார். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த அவர் காட்டும் கர்ணனிடம் தெய்வத் துகில் ஒன்று உண்டு. தாய் என்று பொய் சொல்லி வந்தவர்களை அது எரித்துவிட்டது, குந்தியை எரிக்கவில்லை. அந்தத் துகிலை அவன் வைத்துக்கொண்டு இருந்ததே எத்தனை காலமாகத் தாயை எதிர்பார்த்திருந்தான் என்பதற்குச் சான்று. தாய் கிடைத்த அன்றே அவளுக்கு அவன் தரும் வாக்கு, தன் சாவை உறுதிப்படுத்தும் வாக்கு: அர்ச்சுனன்மேல் நாகக் கணையை மறுமுறை தொடுப்பதில்லை, மற்ற நால்வரைக் கொல்வதில்லை. பதிலுக்கு அவன் கேட்பது, களத்தில் விழும்போது எல்லாரும் காண வந்து மடியில் எடுத்து, மகனே என்று சொல்லிப் பாலூட்ட வேண்டும் என்பது. அதுவரை இந்த ரகசியம் அவனோடு இருக்கும்.

3. திரையும் கேள்வியும்

தெருக்கூத்தில் ஒரு வேஷம் சபைக்கு வரும் முறையே ஒரு தத்துவம். இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்கிறார்கள். அதன் மேல்விளிம்புக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய கால். மத்தளமும் தாளமும் ஏற, ஆர்மோனியம் இழுக்க, பின்பாட்டு சேர, திரைக்குள்ளிருந்தே நடிகர் பாடுகிறார். திரை விலகியதும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் விளக்கொளியில் பளிச்சிட, கிறுகிறுவென்று சுழன்று அடவு போட்டு நிற்கிறார். கூத்தின் விதூஷகனான கட்டியக்காரன் நெருங்கி, வந்திருப்பது யார், எந்த நாடு, எந்தக் குலம் என்று விசாரிக்கிறான். வேஷம் தன் பெயரையும் பெருமையையும் சபையறியச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கதை நகரும்.

துரியோதனனுக்கு இது எளிது. வம்சத்தைச் சொன்னால் போதும். அர்ச்சுனனுக்கும் எளிது. கர்ணனுக்கு இந்த வழக்கமான விசாரணையே பழைய புண்ணைத் தொடுகிறது. அஸ்தினாபுரத்து அரங்கேற்றத்தில் அர்ச்சுனனோடு பொருத அவன் முன்வந்தபோது கிருபர் கேட்டது இதே கேள்வியைத்தான்: உன் தாய் யார், தந்தை யார், எந்த அரச குலம்? அன்று அவன் தலை குனிந்தான். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்துக் காப்பாற்றினான். கூத்தில் அவன் தன் நாட்டைச் சொல்வான், கொடையைச் சொல்வான். சபை பிறப்பை அறியும், அவனும் அறிவான். இரு தரப்பும் அறிந்த ஒன்று சொல்லப்படாமல் நடுவே நிற்கிறது. ஈடிபஸைப் பார்க்கும் கிரேக்க ரசிகனுக்கு நாயகன் அறியாததைத் தான் அறிந்திருக்கும் பதைப்பு. இங்கே விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊராருக்கு அந்தப் பதைப்பு இல்லை. நாயகனோடு சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காக்கும் பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது. இந்த வேறுபாட்டை நம் நாடக விமர்சனம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் மனக்குறை. கூத்தை நாட்டுப்புறக் கலை என்ற பட்டியலில் போட்டுவிட்டு, அவல நாடகம் பற்றிப் பேச வேண்டுமானால் ஷேக்ஸ்பியரிடம் போய்விடுகிறோம்.

4. பொன்னுருவி

சமஸ்கிருத மரபில் பெயர் துலங்காத கர்ணனின் மனைவியைத் தமிழ் நாட்டார் மரபு பொன்னுருவி ஆக்கி, அவளுக்குக் குரலும் கோபமும் கொடுத்தது. ‘பொன்னுருவி மசக்கை’ என்று தனி நூலே வழங்குகிறது. அரசகுமாரியான அவள், கணவனின் பிறப்பைக் குறைவாக எண்ணி ஒதுக்கிவைத்தவள். கர்ண மோட்சத்தின் உயிரான இடங்களில் ஒன்று, களத்துக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெறும் கட்டம்.

பிறப்பு ரகசியத்தை அவளிடம் திறப்பதாகப் பல குழுக்கள் ஆடுகின்றன. நாடக நோக்கில் இது அசாதாரணமான முடிவு. ஊர் இழித்ததற்கும் சபை இழித்ததற்கும் கர்ணன் இந்த உண்மையைப் பதிலாக வீசவில்லை. பிறந்த குலத்தைச் சொன்னால் எல்லா வாயும் அடைத்துப்போகும் என்று தெரிந்தும் சொல்லவில்லை. சாகப் போகும் நாளில், தன் வீட்டிலேயே தன்னை ஏற்காத ஒருத்தியிடம் மட்டும் சொல்கிறான். அவளுக்கு அது வெற்றியாகவா தெரியும்? இத்தனை வருஷம் தள்ளிவைத்தவன் உயர்ந்தவன் என்று தெரிகிற அந்த நேரத்திலேயே அவன் போய்விடுகிறான். அரிஸ்டாட்டில் சொன்ன அறிதல் என்ற கட்டம் இங்கே நிகழ்கிறது; ஆனால் அது நிகழ்வது நாயகிக்கு. குலத்தைப் பார்த்து மனிதனை அளப்பது எவ்வளவு கொடுமை என்பதை ஒரு மேடைப் பிரசங்கமும் இல்லாமல் இந்தக் கட்டம் உணர்த்துகிறது. அதை ஆடுபவர்களிலும் பார்ப்பவர்களிலும் குலத்தின் பேரால் இழிவு கண்டவர்கள் உண்டு.

5. அழுகையின் நான்கு களங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கைச் சொல்கிறது. கிரேக்க இலக்கணம் கதைத் திருப்பத்தில் கண் வைக்க, நம் இலக்கணம் துன்பத்தின் வகையில் கண் வைக்கிறது. கர்ணனை இந்த நான்கிலும் வைத்துப் பார்க்கலாம்.

இளிவு மேலே சொல்லப்பட்டது. இழவு: பிறந்த அன்றே தாயை இழந்தவன், பிறகு உடலோடு பிறந்த கவசத்தை இழந்தவன், களத்தில் பிள்ளைகளை இழந்தவன். அசைவு, இருந்த நல்ல நிலை கெடுவது: பரசுராமர் சாபத்தால் அஸ்திர மந்திரம் மறந்துபோவதும் மண்ணில் தேர்ச் சக்கரம் புதைவதும் அது.

நான்காவதுதான் நின்று பேச வேண்டியது. கர்ணனுக்கு வறுமை ஏது? அங்க நாட்டுக்கு அரசன், இல்லை என்று சொல்லாத கை. அந்தக் கை வெறுங்கையாகும் ஒரே ஒரு நேரத்தை நாடகம் தேடிக் கண்டுபிடிக்கிறது. அம்பு தைத்து மண்ணில் கிடக்கிறான். செய்த தருமம் உயிர் போகவிடாமல் தடுக்கிறது. கிழப் பிராமணனாகக் கிருஷ்ணன் வந்து யாசிக்கிறான். கர்ணனிடம் பொன் இல்லை, நாடு தூரத்தில் இருக்கிறது. கொடுக்க முடியாத கொடையாளி என்பதே அவனுக்கு நேரும் உச்சமான துன்பம். உடலில் தைத்த அம்பு அதற்குப் பிறகுதான். கேட்கப்படுவது புண்ணியம் என்று தெரிந்ததும் அந்த வறுமை தீர்கிறது. தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. அம்பு பாய்ந்த இடத்து ரத்தத்தை எடுத்துத் தாரை வார்க்கிறான்.

இந்த இடத்தில் நடிகரின் கை செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். அந்நேரம் வரை வில் வளைத்த, மீசை முறுக்கிய, தரையை அதிரவைத்த அடவெல்லாம் அடங்கி, மார்பிலிருந்து உள்ளங்கைக்கு, அங்கிருந்து யாசகன் கைக்கு என்று ஒரே ஓர் அசைவு மிஞ்சுகிறது. கல்யாண வீட்டில் கன்னிகாதானத்துக்குத் தாரை வார்க்கும் அதே முத்திரை. அதைக் கண்ட கூட்டத்துக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. கொடுத்தவன்தான் கர்ணன் என்றால், கொடுத்ததன் பலனையும் கொடுத்துவிட்ட பிறகு அவனிடம் மிச்சம் என்ன? வில்லிபாரதக் கர்ணன் அதற்குப் பிறகு கேட்கும் வரத்தில் விடை இருக்கிறது: இனிப் பிறவி உண்டென்றால், இல்லை என்று வருவோர்க்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும். பலன் வேண்டாம், குணம் வேண்டும். தன்னை இவ்வளவு துல்லியமாக அறிந்த நாயகனை உலக நாடகத்தில் அதிகம் காண முடியாது.

1964இல் வந்த ‘கர்ணன்’ திரைப்படம் இந்தக் கட்டத்தைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. இயக்குநர் பந்துலுவின் படமும் சிவாஜி கணேசனின் முகமும் இன்று கூத்து நடிகரின் ஒப்பனையில்கூடப் பார்வையாளர் மனத்தில் நிழலாடுவது இயல்பு. ஆனால் படம் வளர்த்த கர்ண பிம்பத்தில் ஒன்று மங்கிப்போகிறது. அதை அடுத்த பகுதி எடுக்கிறது.

6. யாருடைய வாசலில்?

கர்ண மோட்சம் ஆடப்படுவது திரௌபதியின் வாசலில். இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. சூதாட்ட மண்டபத்தில், ஐவரை மணந்தவள் என்று அவளை இழித்துப் பேசியவன் கர்ணன். அவள் ஆடையைக் களையச் சொன்னவனும் அவனே. இன்று அவள் தெய்வமாக வீற்றிருக்க, எதிரே அவனுக்காக ஊர் அழுகிறது.

கர்ணனை வஞ்சிக்கப்பட்ட நல்லவனாக மட்டும் எடுத்துக்கொண்டால் அவனுடைய தன்னறிவு பாதி குறைந்துவிடும். வியாசர் அவன் குற்றத்தை மறைக்கவில்லை. துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னேன், அந்தச் செயலுக்காக இன்று வேகிறேன் என்ற கருத்தை உத்தியோக பருவத்தில் கர்ணனே கிருஷ்ணனிடம் சொல்கிறான். தேர்ச் சக்கரம் புதைந்தபோது யுத்த தருமத்தைக் காட்டி அவகாசம் கேட்கிறான். சபையில் ஒற்றை ஆடையில் இழுத்துவரப்பட்டவளுக்கு நேர்ந்ததையும் அபிமன்யுவைச் சூழ்ந்து கொன்றதையும் கிருஷ்ணன் எடுத்துச் சொல்லி, அப்போது உன் தருமம் எங்கே போயிற்று என்று கேட்கிறான். கர்ணன் வெட்கித் தலைகுனிந்து மறுமொழி இல்லாமல் நிற்கிறான் என்கிறது கர்ண பருவம். பதில் இல்லாத அந்த நிலைதான் அவனது உண்மையான ஒப்புதல். எதையும் மறுக்காதவன், குற்றச்சாட்டையும் மறுக்கவில்லை.

துன்பம் குற்றத்தைக் கழுவிவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். திரௌபதியின் வாசலில் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கூத்தும் அப்படிச் சொல்லவில்லை. அவன் விழுந்தே ஆக வேண்டும் என்பதில் அதற்கு ஐயம் இல்லை. விழுபவனுக்காக அழவும் அதற்குத் தயக்கம் இல்லை. தண்டனையும் இரக்கமும் ஒரே இரவில், ஒரே வாசலில் இடம்பெறுகின்றன.

7. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு மறுபக்கம்

ஜெயங்கொண்டத்திலிருந்து சிறிது தூரத்தில், முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் வடபுறப் படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். சிவன் கொன்றை மாலையைச் சண்டேசர் தலையில் சுற்றுகிறார். சண்டேசர் கைகூப்பிப் பணிந்திருக்கிறார். அபிடேகப் பாலைக் காலால் உதைத்த தந்தையின் காலை வெட்டிய பிள்ளைக்கு, இனி நானே உனக்குத் தந்தை என்று இறைவன் வந்த கதை அது.

சண்டேசருக்கும் கர்ணனுக்கும் ஒரே புள்ளியில் கதை திரும்புகிறது: வளர்த்த தந்தைக்கு மேலே ஒரு தெய்வத் தந்தை வெளிப்படுகிறார். சண்டேசர் பழைய உறவை வெட்டிப் புதிய உறவில் சேர்கிறார். அங்கே அருள் இருக்கிறது, அவலம் இல்லை. கர்ணனுக்கும் தெய்வத் தந்தை உண்டு, அதைச் சொல்லி அழைக்கக் கிருஷ்ணனும் வந்தான். அவன் அதிரதன் வீட்டு உறவை வெட்ட மறுத்தான். மறுத்ததால்தான் அவன் கதை நாடகமாயிற்று. பக்திக் கதைக்கும் அவல நாடகத்துக்கும் எல்லைக்கோடு எங்கே என்று மாணவர் கேட்டால், இந்தச் சிற்பத்துக்கு முன் நிறுத்தி, கர்ணனை நினைக்கச் சொல்வதே சரியான பாடம்.

8. காலம் தாழ்ந்து அறிபவர்கள்

வட தமிழகத்தில் கர்ண மோட்சம் கோயில் வாசலோடு நிற்பதில்லை. இறந்தவருக்குக் காரியம் செய்யும் முந்தின இரவில், துக்க வீட்டார் வரவழைத்து ஆடச்செய்யும் கூத்தும் இதுதான். ஏன் இந்தக் கதை? மோட்சம் என்ற சொல் இருப்பதால் என்று மட்டும் சொன்னால் போதாது.

கர்ணன் விழுந்ததும் குந்தி தலைவிரிகோலமாக ஓடிவந்து மடியில் எடுத்து, மகனே என்று அலறுகிறாள். அதுவரை கர்ணனோடு சிலர் மட்டும் சுமந்த உண்மை அப்போது ஊரறியச் சொல்லப்படுகிறது. கேட்டுத் திகைப்பவர்கள் வென்றவர்கள். அண்ணனைக் கொன்றது தன் அம்பு என்று அர்ச்சுனன் அறிகிறான். ஈடிபஸுக்கு நேர்ந்தது இங்கே பாண்டவர்களுக்கு நேர்கிறது: தேடியதை அடைந்த அதே நேரத்தில், தாங்கள் யாரைக் கொன்றோம் என்ற அறிவு வந்து விழுகிறது. நாயகன் அறிவோடு வாழ்ந்து முடித்துவிட்டான். அறிந்த துன்பம் இருப்பவர்களின் பங்குக்கு வருகிறது. வியாச பாரதத்தில் இந்த வெளிப்பாடு ஸ்திரீ பருவத்தில், கங்கைக் கரையில், இறந்தவர்க்கு நீர்க்கடன் செய்யும்போது நிகழ்கிறது. கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்கிறாள் குந்தி. தருமன் துடித்துப்போகிறான், முன்பே சொல்லியிருந்தால் இந்தப் போரே நடந்திருக்காதே என்கிறான்.

மறுநாள் காரியத்துக்கு உட்கார வேண்டிய பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும் கூத்தின் முன்வரிசையில் இருக்கிறார்கள். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் அந்த வீட்டில் இருக்கலாம், சொல்லாமல் விட்ட சொல் இருக்கலாம். குந்தி வேஷம் போட்டவர் கர்ணன் தலையை மடியில் வைத்துப் பாடத் தொடங்கும்போது வீட்டுப் பெண்கள் அவரோடு சேர்ந்து தங்கள் ஒப்பாரியையே எடுத்துவிடுகிறார்கள். பின்பாட்டுக்காரர் அதற்கு இடம்விட்டுத் தாளத்தைத் தாழ்த்துவார்.